பத்மாவத் படமும் பெண்ணின் மானமும்

(வடகரையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மை அழைத்த நண்பர்கள் சினிமாவைப்பற்றி ஏதாவது பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். சினிமாவைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது, பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் நாட்டில் கோவிலுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருகிற இடம் சினிமாக் கொட்டகைதான். கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து புராணம் கேட்டுக் கெட்டது போதாதென்று, இப்பொழுது சரித்திரம் என்ற பேரால் அதே புராணம் வெள்ளைத் திரையில் காட்டப்படுகிறது. புராணத்தையாவது "இது புராணம்" என்று சொல்லி ஒருவன் தள்ளிவிட முடியும். சரித்திரம் என்று சொல்லிவிட்டாலோ, பி.ஏ., எம்.ஏ. படித்தவன்கூட வாயைப் பொத்திக் கொண்டு கேட்கிறான். ஆதலால்தான் "பத்மாவத்" என்னும் படத்தைப்பற்றி நமது அபிப்பிராயத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்வதாலேயே நீங்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

இப்படம் சஞ்சய் லீலா பன்சாலி என்பவரால் இந்தியில் எடுக்கப்பட்டு, 2018 ஜனவரி 25-ந் தேதி வெளிவந்தது. தமிழில் பேச்சை மாற்றி நம் நாட்டிலும் காட்டினார்கள். அண்மையில் தென்காசியில் ஒரு நண்பர் வீட்டில், தோழர்கள் சிலரோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். நாம் அதைப் பார்க்க ஆசைப்பட்டதற்குக் காரணம் அதன் நகையுமல்ல, நாட்டியமுமல்ல. அப்படத்தை எதிர்த்து நடந்த கலவரமே காரணமாகும்.

அந்தக் கலவரம் எப்படிப்பட்டது? 2017 ஜனவரியில் ஜெய்ப்பூரில் படம் பிடித்துக் கொண்டிருக்கும்போது, கர்ணி சேனை என்னும் ராஜபுத்திர ஜாதிச் சங்கத்தார் உள்ளே புகுந்து டைரக்டரை அடித்தார்கள். மார்ச்சு மாதத்தில் கோல்ஹாப்பூரில் போட்டிருந்த செட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ராணியாக நடித்த தீபிகா படுகோனே அம்மையாரின் மூக்கை அறுப்போம் என்று மிரட்டினார்கள். பாருங்கள் தோழர்களே, லட்சுமணன் சூர்ப்பனகைக்குச் செய்த மரியாதையை இந்த 21-ம் நூற்றாண்டிலும் ஒரு பெண்ணுக்குச் செய்யக் கத்தி தீட்டினார்கள்! ஹரியானாவில் ஒரு கட்சிப் பிரமுகர், டைரக்டர் தலைக்கும் நடிகை தலைக்கும் 10 கோடி ரூபாய் என்று விலை கூறினார். டிசம்பர் 1-ந் தேதி வரவேண்டிய படம் வராமல் நின்றது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், ஹரியானா சர்க்கார்கள் எங்கள் ராஜ்யத்தில் இதைக் காட்டக் கூடாது என்றன. 2018 ஜனவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அத்தடைகளை நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகும், வெளிவருவதற்கு முந்திய நாள் ஹரியானாவின் குருகிராமத்தில், குழந்தைகள் ஏறியிருந்த பள்ளிக்கூட பஸ்ஸின் மீது கல் எறிந்தார்கள்.

ஒரு படத்தின் மேல் இத்தனை பேருக்கு இத்தனை ஆத்திரம் வந்தால் நமக்கு என்ன தோன்றும்? சரி, ஏதோ பழைய பித்தலாட்டம் ஒன்று இதில் உடைக்கப்பட்டிருக்கிறது. ஜாதித் திமிருக்கு யாரோ ஒருவன் துணிந்து ஊசி குத்தியிருக்கிறான். பெண்களைத் தீயில் தள்ளிய கொடுமையை வெட்ட வெளிச்சமாக்கியிருக்கிறான் என்றுதானே தோன்றும்? அந்த ஆசையோடுதான் படத்தின் முன் உட்கார்ந்தோம். ஆனால் எழுந்திருக்கும்போது ஏமாற்றமும் அருவருப்பும்தான் மிஞ்சின. ஏனெனில், கல்லெறிந்தவர்கள் எந்தச் சரக்கைக் காப்பாற்றக் கல்லெறிந்தார்களோ, அதே சரக்கைத்தான் கல்லடி பட்டவரும் விற்றிருக்கிறார். இரண்டு பேருக்கும் கொள்கை ஒன்றே. பெண் என்பவள் ஒரு குலத்தின் மானத்தைப் பூட்டி வைக்கும் பெட்டி. பெட்டி பிறன் கைக்குப் போகும்படியாக வந்தால் அதைக் கொளுத்திவிட வேண்டும் என்பதே அக்கொள்கை. பெட்டியை எவ்வளவு அழகாகக் காட்டலாம் என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். சித்தூர் ராஜா ரத்தன் சிங் சிங்களத்துக்குப் போகிறான். அங்கே பத்மாவதி என்னும் அரசகுமாரியைக் கல்யாணம் செய்து அழைத்து வருகிறான். வீட்டில் முன்னமே ஒரு மனைவி உண்டு. அதைப்பற்றி அவனுக்கும் கவலையில்லை, படம் எடுத்தவருக்கும் கவலையில்லை. புது ராணியின் அழகைக் கேள்விப்பட்ட டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி படையெடுத்து வருகிறான். ராஜா யுத்தத்தில் சாகிறான். ராணியும் கோட்டைப் பெண்கள் அனைவரும் சிவப்புப் புடவை உடுத்தித் தீயில் இறங்குகிறார்கள். இதற்கு ஜௌஹர் என்று பெயர். அப்படித் தீயில் இறங்குவதற்கும் அந்த ராணி தன் புருஷனிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்குகிறாள்! வாழ்வதற்கு அனுமதி கேட்டது போதாதென்று, சாவதற்கும் அனுமதி. இதைப் பதிபக்தி என்று வைத்து, பின்னால் வாத்தியம் முழங்க விட்டிருக்கிறார்கள்.

கடைசிக் காட்சியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்கள் ஏதோ கல்யாண ஊர்வலம் போகிறாற்போல் நெருப்பை நோக்கி நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். அக்கூட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள்; சிறு பெண்குழந்தையும் இருக்கிறது. வெந்த உடம்பையோ, அலறலையோ, ஒரு பெண்ணாவது "நான் வரமாட்டேன்" என்று திமிறுவதையோ நமக்குக் காட்டவில்லை. நமது வீட்டு அடுப்பில் ஒரு பொறி பட்டால் நாம் துடிக்கிறோம். இங்கே நெருப்பு தங்கமாக ஜொலிக்கிறது. நெருப்பு சுடும் என்கிற விஷயத்தையே மறைத்துவிட்ட ஒரு படத்தைச் சரித்திரப் படம் என்று எப்படிச் சொல்வது?

நிற்க. இந்தக் கதை நடந்ததுதானா என்று பார்ப்போம். அலாவுதீன் கில்ஜி என்ற சுல்தான் இருந்தது உண்மை. 1296 முதல் 1316 வரை டில்லியை ஆண்டான். 1303-ல் சித்தூர்க் கோட்டையைப் பிடித்ததும் உண்மை. அவனோடு அந்த முற்றுகைக்குப் போயிருந்த கவி அமீர் குஸ்ரு, அந்த யுத்தத்தைப்பற்றி எழுதியிருக்கிறார். அதில் பத்மினி என்ற பேரே கிடையாது. பின்னால் அலாவுதீனுடைய ஆட்சியைப்பற்றி எழுதிய பரணி என்னும் சரித்திரக்காரரும் சொல்லவில்லை. அப்படியானால் இந்த ராணி எங்கிருந்து வந்தாள்? சித்தூர் விழுந்து 237 வருஷங்கள் கழித்து, 1540-ல், மாலிக் முகம்மது ஜாயசி என்னும் சூபிக் கவி அவதி மொழியில் ஒரு காவியம் எழுதினார். அதன் பேர்தான் பத்மாவத். அதில் ஒரு கிளி மனுஷரைப்போல் பேசுகிறது. ராணியின் அழகை ராஜாவுக்கு எடுத்துச் சொல்லித் தூது போவது அந்தக் கிளிதான். கவி எழுதின கதை. கவிக்குக் கிளியும் பேசும், கல்லும் பேசும். அதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கிளியை மட்டும் பறக்க விட்டுவிட்டு, பாக்கியை எல்லாம் நடந்த சரித்திரம் என்று பிடித்துக் கொண்டு, அதற்காக மூக்கறுக்கவும் தலை வாங்கவும் புறப்படுகிறவர்களை என்னவென்று சொல்வது?

அன்றியும் அந்தக் காவியத்திலேயே ராஜா சாவது சுல்தான் கையாலல்ல. இன்னொரு ராஜபுத்திர ராஜாவோடு நடந்த சண்டையில் சாகிறான். சினிமாவில் அது மாற்றப்பட்டு, சுல்தானுடைய ஆள் முதுகில் அம்பெய்து கொல்லுவதாகக் காட்டப்படுகிறது. ஏன் மாற்றினார்கள்? இந்து ராஜாவை இந்து ராஜாவே கொன்றான் என்றால் இன்றைய தினம் டிக்கட் விற்காது. முஸ்லிம் கொன்றான், அதுவும் முதுகில் குத்திக் கொன்றான் என்றால் விற்கும். இவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்தில் வடகரைத் தோழர்களாகிய நீங்கள் சற்று அதிகமாகக் கவனிக்க வேண்டும். இப்படத்தில் சுல்தான் எப்படிக் காட்டப்படுகிறான்? தலைவிரி கோலம், கண்ணில் மை, மாமிசத்தைப் பல்லால் கிழித்துத் தின்னும் மிருகம். அவனது அரண்மனை எப்போதும் இருட்டு. ராஜபுத்திரன் அரண்மனையோ எப்போதும் பொன் வெளிச்சம். உண்மையில் அவன் எப்படிப்பட்டவன்? அவன் உத்தமன் என்று நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. மாமனாரும் சிறிய தகப்பனுமான ஜலாலுதீனைக் கொன்று பட்டத்துக்கு வந்தவன். சித்தூரில் 30,000 பேரை வெட்டும்படி உத்தரவிட்டான் என்று அமீர் குஸ்ருவே எழுதியிருக்கிறார். அவனுடைய தளபதி மாலிக்காபூர் 1311-ல் நமது மதுரை வரைக்கும் வந்து கொள்ளையிட்டுப் போனான். குடியானவன் விளைச்சலில் பாதியை வரியாக வாங்கினான். அதே மனுஷன்தான் டில்லிக் கடைத்தெருவில் தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை கட்டி, அதிக விலைக்கு விற்ற வியாபாரியைத் தண்டித்தான். மங்கோலியர் படையெடுப்புகளைத் தடுத்து நிறுத்தினவனும் அவன்தான். ஆகவே அவன் ஒரு ராஜா. ராஜாக்கள் செய்கிற கொடுமையும் செய்தான், காரியமும் செய்தான். அக்காலத்து இந்து ராஜாக்கள் எதிரி ஊரைக் கொளுத்தாமலும் கொள்ளையடிக்காமலும் பூப்போட்டா போனார்கள்? ராஜாக்களுடைய கொடுமையைக் காட்ட வேண்டுமானால் எல்லா ராஜாக்களுடையதையும் காட்டு. ஒருவனை மாத்திரம் மிருகமாக்கினால், நீ காட்டுவது ராஜாவை அல்ல, அவன் மதத்தை.

இந்த ஊரில் இந்துவும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிறார்கள். மேக்கரைப் பக்கத்து மலையிலிருந்து யானை இறங்கினால், அது இந்துவின் தென்னந்தோப்பா முஸ்லிமின் மாந்தோப்பா என்று பார்த்து மிதிப்பதில்லை. அடவிநயினார் அணையில் தண்ணீர் குறைந்தால் எல்லாருடைய வயலும்தான் காயும். இப்படி ஒன்றாய் வாழ்கிற ஊரில், பத்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், எழுந்து வரும்போது ஒருவனை ஒருவன் எப்படிப் பார்ப்பான்? 700 வருஷங்களுக்கு முன் செத்த ஒரு சுல்தானுக்காக, அச்சன்புதூர்ச் சந்தையில் வியாபாரம் செய்யும் ஒரு சாயபு ஏன் பதில் சொல்ல வேண்டும்? இதையெல்லாம் உத்தேசித்துத்தான் போலும், மலேசியாவில் இஸ்லாமியர் மனம் புண்படும் என்று சொல்லி இப்படத்துக்கு அனுமதி மறுத்தார்கள். ஆனால் இங்கே தெருவில் இறங்கிக் கலவரம் செய்தவர்கள் அந்த முஸ்லிம்களா? இல்லை. யாரைப் பொன்னும் மணியுமாய்ப் புகழ்ந்திருக்கிறதோ அவர்களேதான் கலவரம் செய்தார்கள்! படத்தைப் பார்த்த பிறகு 2018 பிப்ரவரியில் அந்தச் சேனையில் ஒரு பிரிவார், இது ராஜபுத்திரர் பெருமையைச் சொல்லும் படந்தான், இனி எதிர்ப்பதில்லை என்று அறிக்கை விட்டார்கள். பார்க்காமலே ஒரு வருஷம் கலகம். பார்த்த பிறகு திருப்தி! வசூலோ 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. கலவரத்தைப் போல மலிவான விளம்பரம் வேறு எது?

இனி ஸென்ஸார் போர்டாரின் யோக்கியதையைப் பார்ப்போம். "பத்மாவதி" என்ற பேரை "பத்மாவத்" என்று மாற்றச் சொன்னார்கள். ராணி ஆடும் நாட்டியத்தைத் திருத்தச் சொன்னார்கள். அதன்படி அந்த அம்மையாரின் இடுப்பு தெரியாதபடி கம்ப்யூட்டரால் துணி வரைந்து மூடினார்கள். தோழர்களே, நன்றாய்க் கவனியுங்கள். ஒரு பெண்ணின் இடுப்பு தெரிந்தால் ஒரு ஜாதியின் மானம் போய்விடுகிறது. நூற்றுக்கணக்கான பெண்கள் உயிரோடு எரிந்தால் அதே ஜாதியின் மானம் நிலைக்கிறது! இடுப்பை மூடினார்கள், நெருப்பை மூடவில்லை. பெற்றோர் கூட இருந்தால் குழந்தைகளும் பார்க்கலாம் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள்.

படத்தின் ஆரம்பத்தில், இது சதி முதலியவற்றை ஆதரிப்பதல்ல என்று ஓர் அறிவிப்புப் போடுகிறார்கள். கள்ளுக்கடை வாசலில் "குடி குடியைக் கெடுக்கும்" என்று எழுதி வைத்ததுபோல்தான் இதுவும். அரை நிமிஷம் எழுத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டரை மணி நேரம் படத்தில் வேண்டும் வேண்டும் என்று சொன்னால் எது மனதில் பதியும்?

"இதெல்லாம் பழங்கதை; இன்றைக்கு யார் தீக்குளிக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். சதியைத் தடுத்துப் பெண்டிங் பிரபு சட்டம் செய்தது 1829-ல். நமது சென்னை ராஜதானியில் 1830-ல். அதற்கு 157 வருஷங்கள் கழித்து, 1987 செப்டம்பர் 4-ந் தேதி, ராஜஸ்தானத்தில் தேவராலா என்ற கிராமத்தில், ரூப் கன்வர் என்னும் 18 வயதுப் பெண் செத்துப்போன புருஷனோடு எரிக்கப்பட்டாள். கல்யாணமாகி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. பதின்மூன்றாம் நாள் கொண்டாட்டத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். அதன் பிறகுதான் சதியைப் புகழ்வதும் குற்றம் என்று புதுச் சட்டம் வந்தது. அப்படிப் புகழ்ந்ததாக வழக்கில் நின்ற எட்டுப் பேரை 2024 அக்டோபரில் ஜெய்ப்பூர்க் கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. ஆகவே தோழர்களே, இது பழங்கதையல்ல. சாம்பல் மூடிய நெருப்பு. அதை ஊதுகிறவன் கலைஞனானாலும் ஊதினதாகத்தானே அர்த்தம்?

வடக்கே நடந்ததைச் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. சங்க காலத்திலேயே பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு தீயில் விழுந்ததைப் பெருமையாகப் பாடம் படிக்கிறோம். 1710-ல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி செத்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன் எரிந்ததாகப் பாதிரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தேழு பேர்! நமது கிராமங்களில் தீப்பாய்ந்த அம்மன் என்று பொங்கலிட்டுக் கும்பிடுகிறோமே, அந்த அம்மனுக்கு என்ன பேர், என்ன வயது, பாய்ந்தாளா பாய வைக்கப்பட்டாளா என்று எந்தப் பூசாரியாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில், வேறு ஜாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கர் என்னும் வாலிபன் வெட்டிக் கொல்லப்பட்டது எதன் பேரால்? அதே குல மானத்தின் பேரால்தான். சித்தூர் நெருப்பும் உடுமலை அரிவாளும் ஒரே பட்டறையில் அடித்த ஆயுதங்கள்.

"அந்தப் பெண்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? எதிரி கையில் சிக்கினால் அடிமையாக விற்றிருப்பானே?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. 1303-ஐ விடுங்கள், 1535-லும் 1568-லும் அதே சித்தூரில் ஜௌஹர் நடந்ததென்று எழுதப்பட்டிருக்கிறது. எரிந்த பெண்களை நாம் குறை சொல்லவில்லை. பயத்தாலும், கட்டாயத்தாலும், பிறந்தது முதல் ஊட்டப்பட்ட எண்ணத்தாலும் செத்த அவர்களுக்காக நாம் துக்கப்படுகிறோம். துக்கப்பட வேண்டிய இடத்தில் மேளம் கொட்டுகிறவனைத்தான் கண்டிக்கிறோம். கெட்டது செய்தவன் ஒருவன், கெட்டுப்போனவள் என்ற பேர் இன்னொருத்திக்கா? வீட்டில் திருடன் புகுந்தால் வீட்டுக்காரனையா கொளுத்துவது? ஒரு பெண் பலாத்காரத்துக்கு ஆளான பிறகும் மனுஷியாக வாழ அவளுக்குப் பூரண பாத்தியதை உண்டு என்று, படம் வந்த சமயத்தில் ஸ்வரா பாஸ்கர் என்னும் நடிகை ஒரு பகிரங்கக் கடிதத்தில் எழுதினார். அதற்காக அந்த அம்மையார் பட்ட ஏச்சுக்குக் கணக்கில்லை. ஒரு வருஷ கலவரத்தில் பெண்ணுக்காகப் பேசிய குரல்கள் இம்மாதிரி ஒன்றிரண்டுதான்.

ராஜபுத்திரர் மானத்தைப்பற்றி இன்னொன்று. 1562-ல் ஆம்பேர் ராஜா பார்மல் தன் மகளை அக்பர் பாதுஷாவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்து ராஜ்யத்தைக் காப்பாற்றிக் கொண்டார். இந்துப் பெண் முஸ்லிமை மணந்தது தப்பென்று நாம் சொல்ல மாட்டோம். நாம் கேட்பது வேறு. சமாதானம் வேண்டுமானால் பெண்ணைக் கொடுப்பது, மானம் வேண்டுமானால் பெண்ணை எரிப்பது. இந்த இரண்டிலும் அந்தப் பெண்ணை யார் கேட்டார்கள்?

கடைசியாக, இப்படத்தைத் தடை செய்திருக்க வேண்டும் என்பது நம் கட்சியா என்றால், இல்லவே இல்லை. தடையும் கல்லும் தீயும் அறிவில்லாதவன் ஆயுதம். கர்ணி சேனை செய்ததையே நாமும் செய்தால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? படம் வரட்டும். ஆனால் பார்க்கிறவன் கண்ணோடு மூளையையும் கொண்டு போக வேண்டும். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், செத்தது யார், புகழ் யாருக்குப் போயிற்று, பணம் யாருக்குப் போயிற்று என்று பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். கல்லெறிவதைவிட இது சினிமா முதலாளிக்கு அதிக நஷ்டத்தைக் கொடுக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெண்ணுக்குத் தன் காலில் நிற்க வழியிருந்தால், அவளுடைய மானத்தைப் பிறன் காக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பின்னும், தங்கையிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு பங்கை மடித்து வைக்கிற அண்ணன்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களும் பத்மாவதிக்காகக் கொட்டகையில் கண்ணீர் விட்டிருப்பார்கள். தோழர்களே! கற்பனை ராணிக்குச் சிந்தும் கண்ணீரைத் துடைத்துவிட்டு, வீட்டிலிருக்கிற பெண்ணுக்குப் படிப்பையும், பங்கையும், யாரைக் கட்டிக் கொள்வது என்கிற சுதந்தரத்தையும் கொடுங்கள். அதுதான் மானம்.